முளைக்காத ஒரு சிரட்டை

ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்காதீர்கள், வயதாகிவிடவில்லை. இந்த ஆண்டு பதவி உயர்வு கிடைத்து ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். அங்கே பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து நான் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். யாரும் என் சட்டை நுனியில் மூக்கைத் துடைப்பதில்லை. யாரும் பாடத்துக்கு நடுவில் எழுந்து வந்து, ஆடுகிற பல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. மத்தியான வேளையில், கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது, அந்தப் பழைய வகுப்பறை தூக்கத்தில் வருவது போல வந்து நிற்கும். தரையெல்லாம் மணல், புளியங்கொட்டை, கிழிந்த வண்ணத்தாள். ஜன்னலுக்கு அப்பால் இடைவிடாத கடல் சத்தம்.

சின்ன வகுப்புகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசத் தோன்றியது. எந்த மூலையில் எந்த அட்டையைத் தொங்கவிடுவது, பிள்ளைகளை எப்படிக் குழுவாகப் பிரிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பிள்ளையின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, அது போகிற போக்கைப் பார்த்து நாம் திகைத்து நிற்கும் நேரம் ஒன்று வரும். அதைப் பற்றித்தான்.

நான் நாஞ்சில் நாட்டு வயல்காட்டுப் பையன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்து முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். வாத்தியார் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் போடுகிறவர் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருந்த எண்ணம். வேலை கிடைத்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தரையில் சம்மணமிட்டுத் தீப்பெட்டிகளை ஒட்டி ரயில் செய்துகொண்டிருந்தேன். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கா லே மக்கா இத்தன வருசம் படிச்சே?"

"பிள்ளையளுக்கும்மா. கையால தொட்டுப் படிச்சா மனசுல நிக்கும்."

அப்பா கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "நானும் ஆயுசு பூரா மண்ணத் தொட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். எனக்கு ஒருத்தனும் மாசச் சம்பளம் தரலியே!"

நான் படித்த ஒன்றாம் வகுப்பில் யாரும் என் கையில் எதையும் தந்ததில்லை. கூட்டத்தோடு கத்தினோம், கத்தியதையே எழுதினோம். அதனால்தானோ என்னவோ, கையில் கொடுத்துக் கற்பிப்பது என்றால் எனக்கு ஒரு பைத்தியம்.

என் முதல் பள்ளி கடற்கரையில். வடசேரியில் பஸ் ஏறி, நெய்யூர் தாண்டி, இனயம் போகிற பக்கமாக இறங்கினால், தென்னைகளுக்கு நடுவே சட்டென்று கடல் எழுந்து நிற்கும். கோயில் மணிக்கூண்டுக்கும் மணலுக்கும் நடுவில் இரண்டு ஆசிரியர்கள் மட்டும் உள்ள பள்ளி. தலைமையாசிரியை ஒருவர், நான் ஒருவன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊர் முழுக்கக் கடல்தொழில். பெரும்பாலான அப்பாக்கள் ஆழ்கடல் போட்டில் போனால் பல வாரங்கள் கழித்துத்தான் கரைக்குத் திரும்புவார்கள். எனக்கோ நீச்சல்கூடத் தெரியாது.

அங்கே முதல் மாதத்தில் ஒருநாள், எண்ணப் பழக்குவதற்காக ஆளுக்கு ஒரு கை சிப்பியும் சங்கும் கொடுத்தேன். ஒருத்தி எண்ணுவதை விட்டுவிட்டுச் சங்கைக் காதில் வைத்தாள். அடுத்தவன் வைத்தான். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு காதில் சங்கு வைத்து உட்கார்ந்திருந்தது. வெளியே நிஜக் கடல் அவ்வளவு சத்தமாக இருக்க, இவர்கள் உள்ளே இருக்கிற கடலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதட்டத்தான் வாயெடுத்தேன். ஒரு சங்கை எடுத்து நானும் காதில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எண் பாடம் நடக்கவே இல்லை. நாம் கொடுக்கிற பொருள் நம் பாடத்துக்குள் மட்டும் அடங்கிக் கிடக்காது என்று அன்று எனக்கு ஒரு இனிமையான எச்சரிக்கை கிடைத்தது. இனிப்பாக இருந்ததால் அதை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு பயறு நட்டோம்.

எல்லாப் பள்ளியிலும் செய்கிற செயல்பாடுதான். ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதில் மண், நடுவில் சிறுபயறு. கடற்கரை மணலில் சரிப்படாது என்று எங்கள் ஊர் வயல் மண்ணை ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டு போனேன். கண்டக்டர் சாக்குக்கு டிக்கெட் கேட்டார். "மண்ணா? மண்ணுக்கு எங்க சார் போணும்?" என்று பஸ் முழுக்கச் சிரிக்க வைத்தார். பிள்ளைகள் அந்தக் கறுத்த மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்கள். "மழ நாத்தம் அடிக்கு சாரே" என்றது ஒன்று.

விதையை ஊன்றி மூடியதும் எல்லா முகத்திலும் ஒரு ஏமாற்றம். இப்போதுதான் கையில் இருந்தது, இப்போது காணோம். நான் சொன்னேன். "கண்ணுக்குத் தெரியலண்ணு பயப்படாதீங்க மக்களே. உள்ளதான் இருக்கு. நாம தினமும் வெள்ளம் விட்டுக் காத்திருந்தா, அது வரும்." எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

பிறகு எல்லோரும் விதையானோம். தரையில் முழங்காலைக் கட்டிச் சுருண்டு, கண்ணை மூடி, மண்ணுக்குள் இருட்டாக இருப்பதாக நினைத்துக்கொண்டோம். நான் மெல்லிய குரலில் மழை சொன்னேன், வெயில் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையாகக் கையை இலை போல விரித்து எழுந்தது. ஜெனி மட்டும் எழவில்லை. அவள் ஒன்றாம் வகுப்பில் எல்லோரிலும் சின்னவள். தூங்கிவிட்டாளோ என்று குனிந்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எனக்கு இன்னும் நேரம் ஆகல சாரே."

அதைக் கேட்டு ரசித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஜன்னல் ஓரமாகச் சிரட்டைகள் வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய காகிதம். சில நாட்களில் மண் வெடித்து, கழுத்து வளைந்த பச்சை முளைகள் எழுந்தன. காலையில் பிள்ளைகள் பையைக்கூட வைக்காமல் ஜன்னலுக்கு ஓடுவார்கள். ஒரே ஒரு சிரட்டை மட்டும் மொட்டையாக இருந்தது. ஜெனியுடையது. அவள் தள்ளி நின்று பார்ப்பாள். யாரும் பார்க்காத நேரத்தில் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, மூடி அளவு ஊற்றுவாள். நல்ல பிள்ளை, தவறாமல் கவனிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் சண்டை மூண்டது. ஷாஜின் என்று ஒருத்தன், வாய்க்காரன்.

"ஏட்டி, ஒனக்க பயறு செத்துப் போச்சு. சாரே, இவளுக்க பயறு செத்துப் போச்சு!"

"சாவல லேய்! அது வரும். சார் சொல்லியாச்சு."

"எப்ப வரும்?"

"எனக்க அப்பா வரும்ப வரும். அது வந்தா எனக்க அப்பாவும் வருவாரு."

ஷாஜின் ஒரு நிமிடம் யோசித்தான். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கணக்குக் கேட்பது போலத்தான் கேட்டான். "அப்ப அது வராட்டா?"

எல்லாப் பிள்ளைகளும் ஜெனியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஜெனியின் அப்பா போன போட் வரவேண்டிய நாள் தாண்டிவிட்டது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. கடலில் காற்று பலமாக இருந்தது. ஊரில் பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் பேசவில்லை. ஆனால் அவர்கள் பேசாமல் இருப்பதை வைத்தே பிள்ளைகள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற எனக்குத்தான் அது வந்து சேரவில்லை; அன்று தலைமையாசிரியை சொல்லித்தான் தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது, காத்திருந்தால் வரும். விதையைப் பற்றி நான் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டு போய் அப்பாவுக்குப் போர்த்தியிருந்தாள்.

அன்று மாலை பள்ளி விட்டதும் ஜெனியின் அம்மா ஸ்டெல்லா வந்தார். தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. கோயிலில் பெண்கள் கூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நடுவில் எழுந்து வந்திருக்கிறார்.

"சாரே, ஒரு ஒவகாரம் செய்யணும். இவளுக்க பயற எப்பிடியாவது முளைக்க வையுங்க."

"ஏம்மா, விதை சரியில்லாம இருந்திருக்கும்…"

"ராத்திரி ஒறங்காம கெடக்கா. பயறு வந்தாச்சா, பயறு வந்தாச்சாண்ணு என்னட்ட கேக்கா. நான் என்ன சொல்லட்டும்?" குரலைத் தாழ்த்தினார். "நீங்க சார்மாருக்கு இது ஒரு கொச்சு காரியம்தானே."

போகும்போது ஜன்னல் பக்கம் நின்று மகளின் சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பிள்ளை சொன்னதற்காகப் பார்த்த பார்வை இல்லை அது. அந்த அம்மாவுக்கும் அந்தச் சிரட்டையிலிருந்து ஒரு பதில் வேண்டியிருந்தது.

தலைமையாசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இரக்கமான மனுஷி. "சார், நான் ஒண்ணு சொல்லட்டா? நீங்க உபரியா நட்டு வச்சிருக்கியள்லா, அதுல ஒண்ண எடுத்து இதுல மாத்தி வச்சிருங்க. கொச்சுப் பிள்ள, அவளுக்கு என்ன தெரியப் போவுது?"

"பொய்யில்லையா டீச்சர்?"

"அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு ராத்திரி ஒறக்கம் கிட்டும் சார். அது பொய்யா?"

அவர் சொன்னதில் தவறிருப்பதாக எனக்குப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை. முளைக்காத சிரட்டையில் முளைத்ததை மாற்றி வைக்காத ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் யார் இருக்கிறார்கள்? உபரியாக நான் நட்டு வைத்திருந்ததே அதற்காகத்தானே? பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினேன். பச்சைக் கழுத்து ஒன்று மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அதன் பின்னால் ஒரு போட்டின் முகப்பு. இரண்டும் ஒன்றாக ஆடின.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய், பிள்ளைகள் வருமுன் வகுப்பைத் திறந்தேன். பனி போல உப்புக் காற்று அறைக்குள் நின்றிருந்தது. உபரிச் சிரட்டை ஒன்றிலிருந்து நல்ல முளை ஒன்றை வேர் அறாமல் எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு, ஜெனியின் சிரட்டையில் குழி செய்ய விரலை விட்டேன்.

மண் ஏதோ மாதிரி இருந்தது. எங்கள் வயல் மண் எனக்குத் தெரியும். இது விறைத்து, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. சிரட்டையின் விளிம்பிலும் அதே வெள்ளை. எங்கள் ஊரில் கடைமடை வயலில் உப்பு ஏறிவிட்டதா என்று பார்க்க மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். யோசிக்காமலே விரலை நாக்கில் வைத்தேன்.

கடல்.

அவளுடைய தண்ணீர்ப் புட்டி ஞாபகம் வந்தது. அதிலிருந்து ஒருநாளும் அவள் குடித்து நான் பார்த்ததில்லை. தாகமெடுத்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம்தான் கேட்பாள். பள்ளிக்கு வரும் வழியில் கரைக்கு இறங்கி, அலையில் முக்கி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பா இருக்கிற தண்ணீர்.

கையில் முளையோடு அப்படியே நின்றேன். இதை நட்டால் இரண்டு நாளில் வாடும். மறுபடி மாற்ற வேண்டும், மறுபடியும் வாடும். வாடுவதை ஒருநாள் அவள் பார்த்துவிட்டால்? வேறு மண்ணில் நட்டுப் பிழைக்க வைத்தேன் என்றே வைத்துக்கொள்வோம். பயறு வந்துவிட்டது, அப்பா எங்கே என்று கேட்டால் அந்த ஆளை நான் எந்த உபரிச் சிரட்டையிலிருந்து எடுத்து வைப்பேன்?

சரி, உண்மையைச் சொல்லலாம். நீ ஊற்றிய உப்புத் தண்ணீரில்தான் பயறு செத்தது என்று. பயறுதான் அப்பா என்று நம்புகிறவளிடம் அதைச் சொன்னால் அவள் காதில் என்னவாக விழும்?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முளையைப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டு, கையைக் கழுவினேன். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலேதான் வருகைப் பதிவு எடுத்தேன். இதை மறைக்காமல் சொல்கிறேன். நெருக்கடியில் நமக்கு ஞானம் பிறக்காது. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். எங்கள் கையில் இருப்பது செயல்பாடு.

"ஜெனி, நீ கொண்டு வாற வெள்ளத்த எல்லாருக்கும் காட்டுவியா?"

பிடிபட்டவள் போல முழித்தாள். பிறகு புட்டியை எடுத்து வந்தாள். ஒரு தம்ளரில் அதை ஊற்றினேன். இன்னொரு தம்ளரில் பள்ளிக் குழாய்த் தண்ணீர். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு துளி நாக்கில் வைத்தேன். ஒன்றுக்குச் சாதாரண முகம், இன்னொன்றுக்குக் கோணல் முகம். ஷாஜின் வேண்டுமென்றே தரையில் விழுந்து புரண்டான். வகுப்பு லேசாகியது.

வராந்தாவில் சாக்பீஸால் இரண்டு பெரிய வட்டம் போட்டேன். ஒன்றில் கடல் வெள்ளம், ஒன்றில் நல்ல வெள்ளம். எது எதில் பிழைக்கும் என்று கொண்டு வந்து வைக்க வேண்டும். பட அட்டை, சிப்பி, இலை, எது கிடைத்தாலும் சரி. பிள்ளைகள் பறந்தார்கள். சாளை, நெத்திலி, நண்டு எல்லாம் கடலுக்குப் போயின. ஆடு, கோழி, முருங்கை இலை, சிரட்டையோடு அவரவர் பயறு முளை எல்லாம் நல்ல தண்ணீருக்குப் போயின. தென்னைக்குப் பெரிய வழக்கு. கடலோரத்தில்தானே நிற்கிறது என்று ஒரு கட்சி. அதன் இளநீர் இனிக்கிறதே என்று மறு கட்சி. கடைசியில் ஓலையை இரண்டு வட்டத்துக்கும் நடுவில் கிடத்தினார்கள்.

"சார எங்க வைக்க?"

"சாருக்கு நீந்தத் தெரியாது லேய். ஆட்டுக்கப் பக்கத்துல நிறுத்து!"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டுப் படத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டேன்.

ஜெனி தன் சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். என் காலருகே இருந்த மற்ற பிள்ளைகளின் முளைகளைப் பார்த்தாள். தன் சிரட்டையின் வெள்ளைப் பூப்பைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவருவது முகத்தில் தெரிந்தது. அதை நிறுத்த என்னால் முடிந்திருக்கும். நிறுத்தவில்லை.

"நானா சாரே கெடுத்தேன்?"

"உப்பு பயறுக்கு ஆகாது மக்களே. ஒனக்கு அது தெரியாது. அதுக்கு வேணும்ணுதானே நீ விட்டே."

"அப்பாக்கு வேணும்ணு விட்டேன்."

அவள் அடுத்ததைக் கேட்டாள். "அப்ப அப்பா?"

வரும் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. எவ்வளவு சின்ன வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடம் எல்லோருக்கும் சுகமாக முடிந்திருக்கும். உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அப்பாக்க காரியம் எனக்குத் தெரியாது, ஜெனி. பயறுக்க காரியம் மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இரண்டு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உதவ முன்வந்தவன் ஷாஜின்தான். "எனக்க அப்பா இந்தா இதுலயும் நிப்பாரு, அதுலயும் நிப்பாரு" என்று ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயுமாக விரித்து நின்று, தாங்க முடியாமல் பொத்தென்று விழுந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஜெனி சிரட்டையை நல்ல தண்ணீர் வட்டத்துக்குள் வைத்தாள். எழுந்து, கையை உதறி, நிதானமாகச் சொன்னாள். எனக்குச் சொன்னது போலவும் இல்லை, ஷாஜினுக்குச் சொன்னது போலவும் இல்லை.

"அப்பா பயறு இல்ல. அப்பாக்கு நீந்தத் தெரியும்."

அன்று அந்த மண்ணைக் கொட்டிவிட்டு, புது மண் போட்டு, அவளே இன்னொரு விதை ஊன்றினாள். குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஊற்றினாள். மீதியை மடமடவென்று குடித்தாள். மாலையில் அவள் அம்மாவைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். "நீங்க ஒண்ண நட்டு வச்சிருக்கலாம் சாரே" என்றார் ஸ்டெல்லா. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். போட் திரும்பாமலே போயிருந்தால் நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று பஸ்ஸில் வழியெல்லாம் அதையேதான் கேட்டுக்கொண்டு போனேன்.

அதற்கு அடுத்து வந்த நாட்கள் மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. கடல் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. பிறகு ஒரு முற்பகல், தலைமையாசிரியை போனைக் காதில் வைத்தபடியே வகுப்புக்குள் ஓடி வந்தார். ஊரில் யாரோ சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது. போட்டில் எஞ்சின் பழுதாகி, காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போய், வேறொரு போட் கட்டி இழுத்து ஏதோ ஒரு துறைமுகத்தில் சேர்த்திருக்கிறது. எல்லோரும் பத்திரம்.

"மோளே ஜெனி, ஒனக்க அப்பா கரை ஏறியாச்சு!"

ஜெனி தலைமையாசிரியையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்க்கவே இல்லை. வாசலை நோக்கி ஓடினாள், பையை மறந்துவிட்டு. பையை எடுத்துக்கொண்டு ஷாஜின் பின்னால் ஓடினான்.

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். அவளுடைய இரண்டாவது விதை அப்போதும் மண்ணுக்குள்தான் இருந்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ அது எழுந்தது. முந்தைய முறை நான் என் கையால் ஒரு முளையை நட்டுவைத்திருந்தால், அப்பாவை வரவழைத்தது பயறு என்று அவள் நம்பியிருப்பாள். அந்த நம்பிக்கை அவளுக்கு இனித்திருக்கும். ஆனால் கடல்தொழில் செய்கிறவரின் மகளுக்கு அப்பா திரும்பி வருவது ஒரே ஒரு முறை நடக்கிற காரியம் இல்லை. அடுத்த முறை, அதற்கடுத்த முறை, ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டையைக் காவல் காத்துக்கொண்டு எத்தனை வருடம் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்?

புதிதாக வந்தவர்களே, செயல்பாட்டில் எதையும் செய்து காட்டுங்கள், பாடுங்கள், ஆடுங்கள், மண்ணில் புரளுங்கள். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லுங்கள். தெரியாததற்கு உபரிச் சிரட்டை வைத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் இருக்கிற அறிவுரை இவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து, எஞ்சின் சரியாகி அந்தப் போட் மறுபடி கடலுக்குப் புறப்படவிருந்த காலையில், ஜெனியின் அப்பாவே அவளைப் பள்ளிக்குக் கூட்டி வந்தார். கறுத்து உயர்ந்த மனிதர். வெயிலில் வெடித்த உதடு இன்னும் ஆறியிருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அன்று நாங்கள் தராசு விளையாட்டு வைத்திருந்தோம், புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் நிறுப்பது. உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அப்பா பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு ஒரே ஓட்டமாக வகுப்புக்குள் போய்விட்டாள்.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு, பாதி சிரிப்பும் பாதி வருத்தமுமாக என்னைப் பார்த்தார்.

"பாத்தியளா சாரே? ஒரு டாட்டாகூட இல்ல. திரும்பிப் பாக்கவும் இல்ல."

அதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் வீறிட்டது.

"சாரே, ஓடி வாங்க! ஷாஜின் எனக்க முறைய எடுத்துட்டான்!"

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "போங்க, போங்க, கூப்பிடுகா" என்று கையை ஆட்டிவிட்டு, கடல் பக்கம் இறங்கி நடந்தார்.